நதிக் கப்பலில் தனியாகப் போகிறீர்களா? கேபின் விலையை இப்படிப் படியுங்கள்

நதி க்ரூஸ் விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கும் விலை ஒரு ஆளுக்கான விலைதான், ஆனால் அந்த ஆளோடு இன்னொருவரும் அதே கேபினில் தங்கினால் மட்டுமே அது செல்லும். கீழே பொடி எழுத்தில் "ஒருவருக்கு, இருவர் தங்கும் அடிப்படையில்" என்று இருக்கும். தனியாகப் போகிறவர் கடைசியில் எவ்வளவு கட்டப்போகிறார் என்பது பெரும்பாலும் அந்தப் பக்கத்தில் எங்கேயும் இருக்காது, நாமே கணக்குப் போட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டும். அதை எப்படிச் செய்வது என்று படிப்படியாகச் சொல்கிறேன். ஜோடியாகப் போகிறவர்களும் கேபின் பற்றிய பகுதியைப் படிக்கலாம், ஏனென்றால் ஒரே கப்பலில் ஒரு தளத்துக்கும் அடுத்த தளத்துக்கும் விலை ஏன் இவ்வளவு மாறுகிறது என்று கேட்காமலே பணம் கட்டிவிடுகிறவர்கள் நிறையப் பேர்.

முதலில் கப்பலைத் தெரிந்துகொள்ளுங்கள்

ஐரோப்பாவின் ரைன், மைன், டான்யூப் நதிகளில் ஓடும் பயணிகள் கப்பல்கள் பெரும்பாலும் 110 அல்லது 135 மீட்டர் நீளம், ஏறக்குறைய 11.4 மீட்டர் அகலம். எல்லா நிறுவனத்தின் கப்பலும் ஏன் ஒரே அளவில் இருக்கிறது என்றால், 1992இல் திறந்த ரைன்-மைன்-டான்யூப் கால்வாயில் உள்ள 16 லாக்குகளும் 12 மீட்டர் அகலம்தான். லாக் என்பது கப்பலை உள்ளே விட்டுக் கதவை மூடி, தண்ணீரை ஏற்றியோ இறக்கியோ அடுத்த மட்டத்துக்குக் கொண்டுபோகும் பெரிய தொட்டி. கப்பல் அதற்குள் நுழையும்போது இரண்டு பக்கமும் ஒரு அடி இடைவெளிகூட முழுசாக இருக்காது. ஜன்னலுக்கு வெளியே பாசி படிந்த ஈரமான கான்கிரீட் சுவர் கைக்கெட்டும் தூரத்தில் மெல்ல நகர்ந்து போகும். மேலே பாலங்கள் இருப்பதால் உயரத்தையும் கூட்ட முடியாது. ஆகவே கேபின்களுக்கு மூன்று தளம், மொத்தம் 190 பயணிகள் அளவில் நின்றுவிடும். வைக்கிங் நிறுவனத்தின் லாங்ஷிப் வகைக் கப்பல்கள் 135 மீட்டர் நீளத்தில் 190 பேரை ஏற்றுகின்றன, கிட்டத்தட்ட அதுதான் உச்சம்.

இந்த எண்ணைக் கொஞ்சம் மனதில் வையுங்கள், தனியாக வருபவரிடம் வாங்கும் சிங்கிள் சப்ளிமென்ட் என்ற கூடுதல் கட்டணம் முழுக்க இதிலிருந்துதான் வருகிறது. கடலில் போகும் கப்பலில் ஆயிரக்கணக்கான பயணிகள் இருப்பார்கள், கேசினோ, கடைகள், ஸ்பா என்று டிக்கெட்டுக்கு மேல் பணம் வர பல வழிகள் இருக்கும். நதிக் கப்பலில் கேசினோவுக்கு இடமே இல்லை. சாப்பாடும் பல நிறுவனங்களில் சாப்பாட்டோடு தரும் ஒயினும் ஊர் சுற்றிக் காட்டுவதும் டிக்கெட்டிலேயே அடங்கிவிடுகின்றன. கட்டில் விற்றால்தான் வருமானம். இருவருக்கான கேபினில் ஒருவர் ஏறினால் ஒரு கட்டில் விற்காமல் போகிறது, அந்த நஷ்டத்தைத்தான் உங்களிடம் கேட்கிறார்கள். இதே கணக்கைத் திருப்பிப் பாருங்கள்: அந்தக் கட்டில் எப்படியும் காலியாகத்தான் போகப்போகிறது என்று நிறுவனம் நினைக்கும் தேதிகளிலும் தளங்களிலும் கூடுதல் கட்டணம் குறையும், சில சமயம் முழுக்கவே போய்விடும். தனிப் பயணி தேட வேண்டியது அந்த இடங்களைத்தான்.

தள வரைபடத்தை எடுத்து வைத்துக்கொண்டு கேபினைப் பாருங்கள்

ஒவ்வொரு நிறுவனத்தின் இணையதளத்திலும் கப்பலின் தள வரைபடம் இருக்கும். அதைத் திறக்காமல் கேபின் வகையின் பெயரை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள், பெயர்கள் எல்லாமே கேட்க நன்றாகத்தான் இருக்கும்.

கீழ்த்தளம் மலிவு. பாதி தண்ணீர் மட்டத்துக்குக் கீழே இருப்பதால் ஜன்னல் சுவரின் மேல் பகுதியில் சின்னதாக இருக்கும், திறக்க முடியாது. கட்டிலில் படுத்தால் வானம் தெரியும், கரை பார்க்க எழுந்து நிற்க வேண்டும். நடுத்தளத்தில் பெரும்பாலும் பிரெஞ்சு பால்கனி. இந்தப் பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம்: அது வெளியே போய் நாற்காலி போட்டு உட்காரும் இடம் இல்லை, தரையிலிருந்து கூரை வரை இருக்கும் கண்ணாடிக் கதவைத் தள்ளித் திறந்தால் எதிரே ஒரு கம்பி, அவ்வளவுதான். காற்று வரும், பார்வை நன்றாக இருக்கும், கால் வைக்க இடம் கிடையாது. உண்மையான பால்கனியும் சூட் எனப்படும் பெரிய அறைகளும் மேல்தளத்திலும் நடுத்தளத்தின் ஒரு பகுதியிலும் இருக்கும்.

இங்கே பலருக்குத் தெரியாத ஒரு விஷயம். விலை கூடினால் அறை பெரிதாகும் என்று கட்டாயம் இல்லை. அதே லாங்ஷிப்பில் கீழ்த்தளத்து ஸ்டாண்டர்டு கேபின் 150 சதுர அடி, அதைவிட விலை கூடிய பிரெஞ்சு பால்கனி கேபின் 135 சதுர அடி. நீங்கள் கூடுதலாகக் கொடுப்பது வெளிச்சத்துக்கும் காற்றுக்கும், இடத்துக்கு இல்லை. அப்புறம் ஒரே மாதிரி கேபினுக்கே இரண்டு வகைக் குறியீட்டு எழுத்து, இரண்டு விலை இருக்கும். அறைக்குள் எந்த வித்தியாசமும் இருக்காது, கப்பலின் நடுப்பகுதியில் இருக்கிறதா ஓரத்தில் இருக்கிறதா என்பதுதான் வித்தியாசம்.

ஓரம் என்றால் எந்த ஓரம் என்று பாருங்கள். பின்பக்கம் எஞ்சின் இருக்கும் இடம், அங்கே அதிர்வும் இரைச்சலும் உண்டு. முன்பக்கத்தில் லாக்குக்குள் நுழையும்போது கப்பலைப் பக்கவாட்டில் தள்ளும் கருவி இயங்கும், நள்ளிரவில் லாக் வந்தால் தூக்கம் கலையும். லேசான தூக்கம் உள்ளவர்கள் நடுப்பகுதிக்குக் கொஞ்சம் கூடக் கொடுப்பது நியாயம் என்றுதான் சொல்வேன். போர்ச்சுகலின் டோரோ நதியில் கப்பல்கள் இரவில் ஓடுவதில்லை, ஆகவே இரவில் எஞ்சின் இரைச்சலுக்குப் பயந்து நடுப்பகுதிக்குக் கூடுதலாகக் கட்ட வேண்டிய தேவை அங்கே குறைவு.

பால்கனிக்குப் பணம் கட்டும் முன் இன்னொன்று. படித்துறைகளில் இடம் குறைவு என்பதால் கப்பல்களை ஒன்றை ஒட்டி ஒன்றாகக் கட்டி நிறுத்துவார்கள். இரண்டு மூன்று கப்பல்கள் அப்படி நிற்கும்போது உங்கள் பால்கனிக்கு எதிரே பக்கத்துக் கப்பலின் பால்கனி, திரையை மூடி வைக்க வேண்டியதுதான். கீழே இறங்க அடுத்த கப்பலின் வரவேற்பறை வழியாகவே நடந்து போவீர்கள். பெரிய ஊர்களில் இது சாதாரணம். பகல் முழுக்க ஊருக்குள்ளும், கப்பல் ஓடும்போது மொட்டைத் தளத்திலும் இருக்கப்போகிறவருக்குக் கீழ்த்தளத்துக் கேபின் போதும் என்பது என் உறுதியான கருத்து. மொட்டைத் தளத்திலிருந்து இரண்டு பக்கக் கரையும் தெரியும், எவ்வளவு விலை கொடுத்த பால்கனியிலும் ஒரு பக்கம்தான்.

சிங்கிள் சப்ளிமென்டைக் கணக்குப் போடுவது

இதுதான் முக்கியமான பகுதி, பொறுமையாகப் படியுங்கள். கூடுதல் கட்டணத்தைப் பெரும்பாலும் சதவீதமாகச் சொல்வார்கள். 25 சதவீதமும் இருக்கும், 50, 75 இருக்கும், 100 சதவீதமும் இருக்கும். 100 என்றால் இரண்டு பேருக்கான பணத்தை ஒருவரே கட்டுவது. சதவீதத்தை மட்டும் பார்த்து நிறுவனங்களை ஒப்பிட்டால் தப்பான முடிவுக்கு வருவீர்கள்.

உதாரணத்துக்குச் சில எண்களை எடுத்துக்கொள்வோம், எல்லாம் ஏழு இரவுப் பயணம். முதல் நிறுவனத்தில் ஒருவருக்கு 2,000 யூரோ, கூடுதல் கட்டணம் 50 சதவீதம். ஆக 3,000. இரண்டாவதில் 1,500 யூரோ, கூடுதல் 100 சதவீதம். அதுவும் 3,000தான். 100 என்ற எண் பார்க்கப் பயமாக இருக்கிறது, ஆனால் கையிலிருந்து போவது ஒரே தொகை. மூன்றாவது நிறுவனத்தில் "கூடுதல் கட்டணம் இல்லை" என்று பெரிதாகப் போட்டு 3,100 யூரோ சொல்கிறார்கள். முதல் பார்வைக்கு இது 100 யூரோ அதிகம். ஆனால் அங்கே டிப்ஸ், எல்லா ஊர்ச் சுற்றுகளும், குடிபானங்களும் அடக்கம் என்று வையுங்கள். முதல் நிறுவனத்தில் டிப்ஸுக்கு ஒரு இரவுக்கு 12 யூரோ வீதம் 84, டிக்கெட்டில் அடங்காத விருப்பச் சுற்றுகள் நான்கு, ஒவ்வொன்றும் 50 என்றால் 200, குடிபானம் ஒரு 100. மொத்தம் 3,384. கூடுதல் கட்டணமே இல்லாதது இப்போது நிஜமாகவே மலிவாகிவிட்டது. இதே கணக்கு மறுபக்கமும் திரும்பலாம்: நீங்கள் குடிக்காதவர், விருப்பச் சுற்றுகளுக்குப் பதிலாகத் தானே நடந்து ஊர் பார்க்கிறவர் என்றால் முதல் நிறுவனம்தான் மலிவு.

தள்ளுபடி விளம்பரங்களில் இன்னும் கவனம் தேவை. "ஒருவர் கட்டினால் இருவர் போகலாம்" என்று வருவது தனிப் பயணிக்குச் சில சமயம் ஒரு பைசா பிரயோஜனம் இல்லாதது. அச்சிட்ட பட்டியல் விலை ஒருவருக்கு 3,000, இப்போது இருவருக்குச் சேர்த்து 3,000, அதாவது ஆளுக்கு 1,500. தனியாகப் போனால் 100 சதவீதம் கூடுதல் சேர்ந்து மறுபடி 3,000. தள்ளுபடி எங்கே போனது? இதைவிட மறைவாக இன்னொரு முறை இருக்கிறது: கூடுதல் கட்டணத்தைத் தள்ளுபடி விலையில் கணக்கிடாமல் பட்டியல் விலையில் கணக்கிடுவது. 1,500 யூரோ டிக்கெட், "50 சதவீதம் மட்டுமே" கூடுதல் என்கிறார்கள், ஆனால் அந்த 50 சதவீதம் 3,000இல் எடுத்தது, அதாவது 1,500. பேருக்கு 50, நடைமுறையில் 100. ஆகவே "எத்தனை சதவீதம்" என்று கேட்டுவிட்டு நிற்காதீர்கள், "எந்தத் தொகையின் மேல்" என்றும் கேளுங்கள். துறைமுகக் கட்டணமும் வரிகளும் ஆள் கணக்கில் வருபவை. ஏறப்போவது ஒரே ஆள் என்பதால் அவற்றின் மேல் சதவீதம் போட்டிருக்கிறார்களா என்பதையும் பாருங்கள்.

நான் எப்போதும் சொல்வது, ஒரு தாளில் இரண்டே எண்கள் எழுதுங்கள். ஒன்று, வீட்டுக்குத் திரும்பும் வரை நான் ஒருத்தர் செலவழிக்கும் மொத்தம். இரண்டு, அதை இரவுகளால் வகுத்தது. நாள்களால் வகுக்காதீர்கள்: "எட்டு நாள்" என்று விற்பது ஏழு இரவுதான், முதல் நாள் மதியத்துக்கு மேல் ஏறுவீர்கள், கடைசி நாள் காலைச் சாப்பாடு முடிந்ததும் இறக்கிவிடுவார்கள்.

தனிப் பயணிக்கு இருக்கும் வழிகள்

ஒற்றைக் கட்டில் கேபின்கள் சில கப்பல்களில் உண்டு. எண்ணிக்கை மிகக் குறைவு, அளவு சின்னது, பல சமயம் கீழ்த்தளத்திலோ ஓரத்திலோ இருக்கும். இதில் கூடுதல் கட்டணம் என்று தனியாக எதுவும் இருக்காது, ஆனால் கேபினின் விலையே இருவர் கேபினில் ஒருவருக்கான விலையைவிடக் கூடுதலாக வைத்திருப்பார்கள். ஆகவே இங்கேயும் மொத்தத் தொகையைத்தான் பார்க்க வேண்டும். இந்தக் கேபின்கள்தான் முதலில் விற்றுத் தீரும், வேண்டும் என்றால் ஒரு வருடம் முன்பே பதிவு செய்யுங்கள்.

இரண்டாவது, குறிப்பிட்ட கேபின் வகையிலோ குறிப்பிட்ட தேதியிலோ கூடுதல் கட்டணத்தைத் தள்ளுபடி செய்வது. டாக் என்ற அமெரிக்க நிறுவனம் ஐரோப்பிய நதிப் பயணங்களில் கீழ்த்தளத்து முதல் வகைக் கேபினுக்கு இதை நிரந்தரமான சலுகையாகவே சொல்லி வந்திருக்கிறது; அவர்களுடைய அடிப்படை விலை உயரம் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். அவலான் போன்றவை சில புறப்பாடுகளுக்கு மட்டும் தருகின்றன. பிரிட்டனின் ரிவியரா டிராவல் தனிப் பயணிகளுக்கு மட்டுமேயான பயணங்களை நடத்துகிறது, கப்பல் முழுக்கத் தனியாக வந்தவர்கள். சாப்பாட்டு மேசையில் ஜோடிகளுக்கு நடுவே உட்காரத் தயங்குகிறவர்களுக்கு அது நிம்மதியான ஏற்பாடு. சலுகைகள் வருடத்துக்கு வருடம் மாறும், பதிவு செய்யும் நாளில் இருப்பதை மட்டும் நம்புங்கள்.

மூன்றாவது, முன்பின் தெரியாத ஒருவரோடு கேபினைப் பகிர்வது. சில நிறுவனங்கள் அதே பாலினத்தவர் ஒருவரைச் சேர்த்துவிட ஏற்பாடு செய்யும். பணம் நிறைய மிச்சம், சரி. ஆனால் 150 சதுர அடியில் ஏழு இரவு, ஒரே குளியலறை. கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: ஆள் கிடைக்காவிட்டால் கூடுதல் கட்டணம் யார் தலையில்? சிலர் தாங்களே ஏற்றுக்கொள்வார்கள், சிலர் கடைசி நேரத்தில் உங்களிடம் கேட்பார்கள். பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

கேரண்டி கேபின் என்று ஒன்றும் உண்டு. கேபின் வகைக்குப் பணம் கட்டுவீர்கள், கேபின் எண்ணை அவர்கள் பிறகு ஒதுக்குவார்கள். கட்டிய வகைக்குக் கீழே இறக்க மாட்டார்கள், ஆனால் எஞ்சின் பக்கத்து ஓரம் வந்தாலும் ஒன்றும் சொல்ல முடியாது. நன்றாகத் தூங்குகிறவர்களுக்கு நல்ல பேரம்.

எப்போது பதிவு செய்வது

காலியாகத்தான் போகும் என்று அவர்கள் நினைக்கும் தேதிகள் என்று முன்னால் சொன்னேன் அல்லவா, ஐரோப்பாவில் அது பொதுவாக மார்ச்சிலும் ஏப்ரல் தொடக்கத்திலும், கிறிஸ்துமஸ் சந்தைகள் தொடங்கும் முன் நவம்பரிலும். நெதர்லாந்தின் டியூலிப் காலமான ஏப்ரலும், மே, செப்டம்பர் மாதங்களும் எளிதில் விற்கும், அப்போது தள்ளுபடியை எதிர்பார்க்க வேண்டாம். இன்னொரு நல்ல சமயமும் இருக்கிறது: பாக்கிப் பணம் கட்டக் கடைசி நாள், பல நிறுவனங்களில் புறப்பாட்டுக்கு மூன்று மாதம் போல முன்னால் வரும். அன்று பணம் கட்டாதவர்களின் கேபின்கள் திரும்பி வரும். அதற்கு அடுத்த ஒன்றிரண்டு வாரங்களில் நேரடியாகக் கேட்டுப் பாருங்கள். விமான டிக்கெட் விலை ஏறியிருந்தால் அந்த மிச்சம் அதிலேயே போய்விடும் என்பதையும் கணக்கில் எடுங்கள்.

ஒரு தேதியில் விலை குறைந்திருப்பதற்கு நதியின் நீர்மட்டமும் காரணமாக இருக்கலாம். வசந்தத்தில் வெள்ளம் வந்தால் கப்பல் பாலத்துக்கு அடியில் போக முடியாது, கோடையின் பிற்பகுதியிலும் இலையுதிர் காலத்திலும் தண்ணீர் வற்றினால் தரை தட்டும். 2018 அக்டோபரில் ரைன் கரையில் கௌப் என்ற ஊரில் உள்ள நீர்மட்ட அளவுகோல் 25 சென்டிமீட்டர் வரை இறங்கியது. இப்படி நேர்ந்தால் பேருந்தில் கூட்டிப்போவார்கள், அல்லது தடைக்கு அந்தப் பக்கம் நிற்கும் இன்னொரு கப்பலுக்கு மாற்றுவார்கள். மாற்றும் கப்பலில் அதே கேபின் வகை கிடைக்குமா, பயணம் பேருந்துப் பயணமாகவே மாறினால் பணம் திரும்ப வருமா என்பது ஒப்பந்தத்தில் எப்படி எழுதியிருக்கிறது என்று பாருங்கள். பெரிய பால்கனிக்குப் பணம் கட்டியவருக்கு இது இன்னும் முக்கியம்.

பணம் கட்டும் முன் அனுப்ப வேண்டிய மின்னஞ்சல்

தொலைபேசியில் பேசி முடிக்காதீர்கள், எழுதிக் கேளுங்கள். ஒரே ஆளுக்கான முழுத் தொகை என்ன, அதில் டிக்கெட், கூடுதல் கட்டணம், துறைமுகக் கட்டணம் தனித்தனியாக எவ்வளவு. கேபின் எண் என்ன, எந்தத் தளம். டிப்ஸ் அடக்கமா, இல்லையென்றால் ஒரு நாளைக்கு எவ்வளவு எதிர்பார்க்கிறார்கள். எந்தெந்தச் சுற்றுகள் இலவசம். விமான நிலையத்திலிருந்து கப்பலுக்கு வண்டி உண்டா. கேன்சல் செய்தால் எந்தத் தேதி வரை எவ்வளவு பிடிப்பார்கள். கடைசியாக, "இதே பயணத்தில் வேறு எந்தத் தேதியில் தனிப் பயணிக்குக் கூடுதல் கட்டணம் குறைவு?" இந்தக் கேள்வியை ஏஜென்டிடம் கட்டாயம் கேளுங்கள். தேதியை ஒரு வாரம் நகர்த்தத் தயாராக இருக்கும் தனி ஆளுக்குப் பல நூறு யூரோ மிச்சமாகும் இடம் இதுதான், கேட்காதவரை யாரும் தானாகச் சொல்ல மாட்டார்கள்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் பேக்கேஜாக வாங்கினால் ஒரு சட்டப் பாதுகாப்பு உண்டு. 2015இன் பேக்கேஜ் பயண உத்தரவுப்படி, எரிபொருள், வரி, நாணய மாற்று விகிதம் போன்ற குறிப்பிட்ட காரணங்களுக்காக மட்டுமே, அதுவும் ஒப்பந்தத்தில் முன்பே சொல்லியிருந்தால்தான், விலையை ஏற்ற முடியும். புறப்பாட்டுக்கு 20 நாளுக்கு முன் தெரிவித்தாக வேண்டும், ஏற்றம் 8 சதவீதத்தைத் தாண்டினால் அபராதம் இல்லாமல் நீங்கள் விலகிக்கொள்ளலாம்.

காப்பீடு எடுக்கும்போது ஜோடியாகப் பதிவு செய்பவர்களும் இந்த ஒரு வரியைத் தேடுங்கள். கூட வருகிறவர் உடம்பு முடியாமல் கேன்சல் செய்தால், நீங்கள் அந்த நிமிடம் தனிப் பயணி ஆகிவிடுவீர்கள், கூடுதல் கட்டணம் உங்கள் பெயரில் வரும். பல பயணக் காப்பீடுகள் ஏற்கத்தக்க காரணமாக இருந்தால் அந்தத் தொகையைத் தருகின்றன, சில தருவதில்லை. பாலிசியில் அது இருக்கிறதா என்று வாங்கும் முன்பே பாருங்கள்.

உறுதிச் சீட்டு வந்ததும் மின்னஞ்சலில் சொன்ன தொகையையும் கேபின் எண்ணையும் அதனோடு வரிக்கு வரி ஒத்துப் பாருங்கள். "இருவர்" என்று தவறாகப் பதிவாகியிருந்தாலோ தளம் மாறியிருந்தாலோ அன்றே எழுதுங்கள், பாக்கிப் பணம் கட்டும் நாளுக்குப் பிறகு எந்தத் திருத்தமும் எளிதில் நடக்காது.